நெவில்களின் மூதாதை நார்மன் அல்ல

இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுபவர்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடும்: "எங்கள் முன்னோர் வில்லியமோடு கப்பலில் வந்தவர்கள்." 1066-இல் வட பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்து, ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமைத்தான் சொல்கிறார்கள். பெர்சி, நெவில், மார்ட்டிமர், சின்க்ளேர், புரூஸ் என்று பெயரில் கொஞ்சம் பிரெஞ்சு வாசம் இருந்தால் போதும், ஹேஸ்டிங்ஸ் களத்தில் குதிரைமேல் ஒரு முப்பாட்டனார் தயாராகிவிடுவார். இணையத்தில் சுற்றும் வம்சாவளி மரங்களில் பல, 1066-இல் ஒரு குதிரைவீரனிடம் போய்த்தான் நிற்கின்றன. இந்தப் பேச்சு பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆங்கிலேய வழிவந்த ஏறக்குறைய எவருக்கும் அது பொருந்தும். ஆனால் சொல்பவர் அதற்குக் காட்டும் சான்று, அதாவது குடும்பப் பெயர், அநேகமாக எதையும் நிரூபிப்பதில்லை. சில சமயம் நேர் எதிரானதைத்தான் நிரூபிக்கிறது.

முதலில் அந்தக் களத்தையே பார்ப்போம். 1066 அக்டோபர் 14 அன்று வில்லியம் பக்கம் நின்ற படை ஏறக்குறைய ஏழாயிரம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு. அத்தனை பேரில், அந்தக் காலத்துச் சான்றை வைத்து "இவர் அங்கே இருந்தார்" என்று பெயர் சொல்லக்கூடியவர்கள் இருபது சொச்சம் பேர்தான். வில்லியமின் குருவானவர் பொய்த்தியேயின் வில்லியம் எழுதிய வரலாறு, பிற்பாடு ஓர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி சேர்த்த தகவல்கள், அந்தப் போரைத் தையல் படங்களாகக் காட்டும் பேயூ சித்திரத் துணியில் தைத்திருக்கும் பெயர்கள் என்று ஆதாரம் அவ்வளவுதான். பேயூ ஆயர் ஓடோ, பூலோன் பிரபு யூஸ்டாஸ், வில்லியம் ஃபிட்ஸ் ஆஸ்பர்ன், வில்லியம் த வாரென், வால்டர் ஜிஃபார்ட், ஹ்யூ த கிராந்மெனில், வில்லியம் மாலே, கொடி பிடித்த டர்ஸ்டின் ஃபிட்ஸ் ரோல்ஃப், களத்திலேயே இறந்த எஞ்செனுல்ஃப் த லேக்ல் என்று ஒரு மூச்சில் பாதிப் பட்டியலைச் சொல்லி முடித்துவிடலாம். இவர்களிலும் எல்லோரும் நார்மன்கள் அல்லர். யூஸ்டாஸ் பூலோன்காரர். படையில் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த பிரெத்தோன்களும் ஃபிளாண்டர்ஸின் ஃபிளமிஷ்காரர்களும் கணிசமாக இருந்தார்கள்.

அப்படியானால் அந்த நீளமான பட்டியல்கள் எங்கிருந்து வந்தன? 'பேட்டில் அபே பட்டியல்' என்று பெயர்பெற்றது, போர் நடந்த இடத்தில் வில்லியம் கட்டிய மடத்தில் தொங்கியதாகச் சொல்லப்படுகிறது. மூலம் இன்று இல்லை. மடம் கலைக்கப்பட்ட பிறகு கௌட்ரே மாளிகைக்குப் போய், 1793 தீவிபத்தில் எரிந்தது என்பது ஒரு கதை. கையில் இருப்பவை பிற்காலப் பிரதிகள். 16ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்களான லீலண்ட் எழுதிக்கொண்டது ஒன்று, ஹோலின்ஷெட் அச்சிட்டது ஒன்று. ஹோலின்ஷெட் பிரதியில் மட்டும் 629 பெயர்கள். இவற்றில் பல, அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் எழுந்த குடும்பங்களின் பெயர்கள். யார் வேண்டுமானாலும் இடையில் நுழைந்திருக்கலாம், நுழைந்தும் இருக்கிறார்கள். 1931-இல் நார்மண்டியின் ஃபலேஸ் கோட்டையில் 315 பெயர்களோடு வெண்கலப் பலகை ஒன்று வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் அதன்முன் நின்று தங்கள் பெயரைத் தேடுவது வழக்கம். அந்தப் பலகையை ஆதாரமாகக் காட்டும் வம்சாவளியை அடுத்த பக்கம் புரட்டாமல் மூடிவைத்துவிடலாம்.

இன்னொரு சுலபமான சோதனையும் உண்டு. 1066-இல் சண்டையிட்ட முன்னோருக்கு வம்சாவளியில் குலச்சின்னக் கேடயம் வரைந்திருந்தால், அந்தப் பகுதி பிற்காலத்தில் புனைந்தது. பரம்பரையாக வரும் குலச்சின்னம் 12ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் உருவானது. ஹேஸ்டிங்ஸில் யாரிடமும் அது இல்லை.

மூன்று பெயர்கள், மூன்று பெண்கள்

நெவில் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 15ஆம் நூற்றாண்டு உள்நாட்டுச் சண்டைகளான ரோஜாப் போர்களில் அரசர்களை ஏற்றி இறக்கிய வாரிக் பிரபு ரிச்சர்ட் நெவில் இந்தக் குடும்பம். நான்காம் எட்வர்டுக்கும் மூன்றாம் ரிச்சர்டுக்கும் தாயான செசிலி நெவிலும் இதே குடும்பம். பெயர் நார்மண்டியின் ஊர்ப்பெயர் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த நெவில்களை மகன், தந்தை, பாட்டன் என்று ஆண்வழியிலேயே பின்னோக்கித் தொடர்ந்தால் நார்மண்டிக்குப் போய்ச் சேர மாட்டோம். டர்ஹம் பகுதியில் உட்ரெட் என்பவரின் மகன் டால்ஃபினிடம் போய்ச் சேருவோம். 1131-இல் டர்ஹம் மடத் தலைவர் இந்த டால்ஃபினுக்கு ஸ்டெயின்ட்ராப் நிலத்தை, ஆண்டுக்கு 4 பவுண்டு குத்தகைக்கு, கொடுத்த பட்டயம் இருக்கிறது. டால்ஃபின், உட்ரெட் இரண்டும் வட இங்கிலாந்தின் பழைய பெயர்கள். டால்ஃபினின் மகன் மெல்ட்ரெட். அவன் மகன் ராபர்ட் ஃபிட்ஸ் மெல்ட்ரெட் ('ஃபிட்ஸ்' என்றால் 'இன்னாரின் மகன்'), ரேபியின் அதிபதி. இந்த ராபர்ட் மணந்தவள் இசபெல் த நெவில். இசபெலின் சகோதரன் ஹென்றி 1227-இல் பிள்ளையில்லாமல் இறந்தபோது பிரான்ஸ்பெத், ஷெரிஃப் ஹட்டன் நிலங்கள் எல்லாம் இவளிடம் வந்தன. இவர்கள் மகன் ஜெஃப்ரி, அப்பாவின் பெயரை விட்டுவிட்டு அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டான். அதற்குப் பின்வந்த நெவில்கள் அனைவரும் இந்த ஜெஃப்ரியின் வழி. அதாவது இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற நார்மன் பெயர்களில் ஒன்றை, வெற்றிகொள்ளப்பட்டவர்களின் பேரன் பேத்திகள்தான் சுமந்து திரிந்தார்கள்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. இசபெலின் முன்னோர்களும் பிரான்ஸ்பெத்தை நேராகப் பெறவில்லை. பெர்ட்ரம் த புல்மரின் மகள் எம்மாவை ஒரு நெவில் மணந்ததால்தான் அது அந்தக் குடும்பத்துக்கு வந்தது. நிலம் பெண் கையில் போகிறது, பெயர் நிலத்தின் பின்னால் போகிறது.

பெர்சிகள் கதை இன்னும் நீளம். வில்லியம் அரசர் 1086-இல் எடுத்த நிலக்கணக்கான டூம்ஸ்டே ஏட்டில், வில்லியம் த பெர்சி யார்க்‌ஷயரில் பெரிய நிலக்காரர். ஆனால் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நேர் ஆண்வழி அற்றுப்போனது. வாரிசு மகள் ஆக்னஸ், முதலாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி அடெலிசாவின் சகோதரன் லூவேன் ஜோஸ்லினை மணந்தாள். பிள்ளைகள் பெர்சி என்று ஆனார்கள். இடைக்கால இங்கிலாந்தின் வட எல்லையைக் காத்த நார்தம்பர்லண்ட் பிரபுக்கள் எல்லாம் ஆண்வழியில், லூவேன் நகரம் இருக்கும் பிரபாண்ட் நாட்டவர்கள். அந்த வழியும் 1670-இல் ஒரே ஒரு மகளோடு முடிந்தது. அவள் சீமோர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய பேத்தி யார்க்‌ஷயர்க்காரர் சர் ஹ்யூ ஸ்மித்சனை மணந்தாள். 1750-இல் ஸ்மித்சன் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் தன் பெயரை பெர்சி என்று மாற்றிக்கொண்டார், 1766-இல் கோமகனும் ஆனார். இன்றைய பெர்சிகள் அவர் வழி. அவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஜேம்ஸ் ஸ்மித்சன் விட்டுச்சென்ற சொத்தில்தான் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனம் எழுந்தது. பெர்சி பெயருக்கு உரிமை இல்லாத அந்த மகனிடம்தான் ஆண்வழிப் பெயர் மிஞ்சியது.

ஹேஸ்டிங்ஸில் நின்றதாக உறுதியாகத் தெரிந்த வாரென் வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வில்லியம் 1148-இல் சிலுவைப்போரில் இறந்தான். ஒரே மகள் இசபெல். அவளுடைய இரண்டாம் கணவன், இரண்டாம் ஹென்றியின் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரன் ஹாமெலின். திருமணம் 1164-இல். 1347-இல் கடைசி வாரென் பிரபு இறக்கும்வரை இருந்தவர்கள் எல்லாம் இந்த ஆஞ்சு நாட்டு ஹாமெலினின் ஆண்வழி. முதல் வாரெனின் மனைவி குந்த்ராடா வில்லியம் அரசனின் மகள் என்று ஒரு கதை நீண்ட காலம் நடமாடியது. அதை இன்று எந்த ஆய்வாளரும் ஏற்பதில்லை. ஆனால் குடும்ப மரங்களில் அவள் இன்னும் இளவரசியாகத்தான் இருக்கிறாள்.

இந்த மூன்று குடும்பங்களும் விதிவிலக்குகள் அல்ல என்பதுதான் விஷயம். ஓர் ஆண்வழி தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் முப்பது முறை நீடிப்பது மிக மிக அரிது. போர், தொற்றுநோய், பிள்ளையின்மை, மகள்கள் மட்டும் பிறப்பது என்று எத்தனையோ வழிகளில் அது அறும். பெயர் மட்டும் சாகாமல் இருந்தது என்றால், ஏதோ ஒரு வாரிசுப் பெண் அதை எடுத்துப்போய் வேறு ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறாள் என்று சந்தேகிப்பதே சரியான தொடக்கம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. டூம்ஸ்டே ஏட்டில் அரசரிடமிருந்து நேராகப் பெருநிலம் வைத்திருந்த ஆங்கிலேயர்கள் இரண்டே பேர்: வாரிக்‌ஷயரின் ஆர்டன் தர்கில், லிங்கனின் கோல்ஸ்வேன். ஆர்டன் குடும்பம் அந்தத் தர்கிலின் வழி. ஷேக்ஸ்பியரின் தாய் மேரி ஆர்டன் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்தவரா என்பதற்கு இதுவரை உறுதியான ஆவணம் இல்லை. பெர்க்லி கோட்டையில் இன்றும் இருக்கும் பெர்க்லிகள், பிரிஸ்டல் ராபர்ட் ஃபிட்ஸ் ஹார்டிங்கின் வழி. அவர் பாட்டன் என்று கருதப்படும் எட்நாத், வெற்றிக்கு முன் ஆண்ட அரசர் எட்வர்டின் அரண்மனை அதிகாரி. நார்மன் பாணிப் பெயர், ஆங்கிலேய ரத்தம்.

தனிப்பெயரை நம்புவது இன்னும் மோசம். வெற்றிக்குப் பின் இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஆங்கிலேயக் குடியானவர்கள்கூடப் பிள்ளைகளுக்கு வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று வைக்கத் தொடங்கிவிட்டார்கள். விட்பியில் பிறந்த ஒரு பையனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் டோஸ்டி. கூட விளையாடிய பிள்ளைகள் கேலி செய்ததால் வில்லியம் என்று மாற்றினார்கள். பிற்பாடு துறவியாகி பர்தொலொமேயு என்ற பெயரோடு ஃபார்ன் தீவில் வாழ்ந்து இறந்தார். 1200-ஆம் ஆண்டுப் பட்டயத்தில் 'ராபர்ட்டின் மகன் வில்லியம்' என்று கண்டால் அவன் நார்மன் என்று எடுத்துக்கொள்ள எந்த முகாந்திரமும் இல்லை.

நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது

ஆகவே, தேட விரும்புகிறவர் 1066-இலிருந்து இறங்கிவரக் கூடாது. இன்றிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பு அரசுப் பதிவில் இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1851 முதல் பிறந்த ஊரின் பெயர் கிடைக்கும். 1841-இல் பிறந்த ஊர் இருக்காது, 15-க்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லண்டனுக்குப் போயின, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் வழியே கப்பலேறி வந்த சிப்பாயின் இங்கிலாந்து ஊர் தெரிந்துவிட்டால், மற்றவர்கள் நிற்கும் அதே படிக்கட்டில் அவர்களும் நிற்கலாம்.

அடுத்த படி பங்குப் பதிவேடுகள், அதாவது ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் தன் எல்லைக்குள் எழுதிவைத்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள். 1538-இல் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த ஆணையால் தொடங்கியவை. ஆனால் பல பங்குகளில் 1558-க்கு முன் எதுவும் கிடைக்காது. காரணம், 1598-இல் பழைய காகிதப் பதிவுகளைத் தோல் ஏடுகளில் படியெடுக்கச் சொன்னபோது, குறிப்பாக எலிசபெத் அரியணை ஏறிய ஆண்டிலிருந்து என்று சொன்னார்கள். பல குருக்கள் அதையே சாக்காக்கி அங்கேயே தொடங்கிவிட்டார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1643 முதல் 1660 வரை, நிறைய ஓட்டைகள். அந்த ஓட்டையில் விழுந்த ஒரு ஜான், பக்கத்துப் பங்கில் பிறந்த இன்னொரு ஜானாக மாறிவிடுவதுதான் பெரும்பாலான மரங்களில் முதல் முறிவு. அதை ஒட்ட உயில்தான் வழி. கேன்டர்பரி உயர் நீதிமன்றத்தின் உயில் பதிவுகள் 1384 முதல் 1858 வரை கிடைக்கின்றன. பிள்ளைகள், மருமகன்கள், சகோதரர்கள் என்று உறவைச் சொல்லி எழுதுவதால் ஒரு உயில் பத்து ஞானஸ்நானப் பதிவுக்குச் சமம்.

1538-க்கு மேல் ஏற, குடும்பத்திடம் நிலம் இருந்திருக்க வேண்டும். கொஞ்சமாவது. பிரபுவாக இருக்க வேண்டியதில்லை. மேனர், அதாவது பிரபுவின் பண்ணை, அதன் நீதிமன்றச் சுருள்கள் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. ஒரு குடியானவன் இறந்தால் அவனுடைய சிறந்த மாடு மேனர் அதிபதிக்குப் போகும், வாரிசு வந்து கட்டணம் செலுத்தி நிலத்தை ஏற்பான். அந்தப் பதிவில் யார் இறந்தார், யார் வாரிசு, என்ன உறவு என்று மூன்றும் இருக்கும். நல்ல சுருள் தொடர் கிடைத்துவிட்டால் ஒரு சாதாரண உழவுக் குடும்பத்தை 14ஆம் நூற்றாண்டுவரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் போவது அபூர்வம்.

அரசரிடமிருந்து நேராக நிலம் வைத்திருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பொக்கிஷம் இருக்கிறது. மரணத்துக்குப் பிந்தைய விசாரணை. 1236 வாக்கில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் நடுவரை நடந்தது. நிலக்காரர் இறந்ததும் எஸ்கீட்டர் என்ற அதிகாரி உள்ளூர் ஆட்களை ஜூரியாகக் கூட்டி, என்ன நிலம், யாரிடமிருந்து பெற்றது, எந்த நாளில் இறந்தார், வாரிசு யார், வயது என்ன என்று கேட்டு எழுதினார். இதைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். '21 வயதும் அதற்கு மேலும்' என்று இருந்தால் அவர் வயதுவந்தவர் என்று மட்டுமே பொருள், உண்மையில் நாற்பதாக இருக்கலாம். இரண்டாவது, மூத்த மகன் இருந்தால் மற்ற பிள்ளைகளின் பெயர் வராது. மகன் இல்லையென்றால் மட்டும் மகள்கள் எல்லோரும் சம வாரிசுகளாக, கணவர் பெயரோடு வரிசையாக வருவார்கள்.

இங்கேதான் நெவில் கதை வெறும் சுவாரசியம் என்பதைத் தாண்டி வேலைக்கு உதவுகிறது. ஆண்வழி அமைதியாக நீளும்போது ஆவணம் சுருங்கும். ஆண்வழி அறுந்து நிலம் பெண்களிடம் போகும்போது பங்கு பிரிப்பார்கள், வழக்குப் போடுவார்கள், விதவைக்கான மூன்றில் ஒரு பங்குக்குச் சண்டையிடுவார்கள். தோல் தோலாக எழுத்து சேரும். ஆகவே பெயர் மாறும் இடத்தைத் தடையாக எண்ணி விலகிப்போகிறவர், ஆதாரம் குவிந்திருக்கும் இடத்தை விட்டு விலகிப்போகிறார். 1195-இலிருந்து கிடைக்கும் 'ஃபீட் ஆஃப் ஃபைன்ஸ்' இதற்கு நல்ல துணை. நில உடன்பாட்டை ஒரே தோலில் மூன்று முறை எழுதி, வளைவாக வெட்டி, இரு தரப்புக்கும் ஒவ்வொன்று கொடுத்து, அடிப்பகுதியை அரசு வைத்துக்கொண்டது. கணவன் மனைவி சேர்ந்து நிலத்தை விட்டுக்கொடுத்தால், அது அநேகமாக மனைவி வழி வந்த நிலம். நீதிமன்றச் சுருள்களில் வாதிகள் தங்கள் உரிமையைச் சொல்ல, "இன்னாரிடமிருந்து அவர் மகனுக்கு, அவரிடமிருந்து அவர் சகோதரிக்கு" என்று நாலைந்து தலைமுறையை ஒப்பிப்பார்கள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி இறந்த 1135-ஆம் ஆண்டுவரைகூட உரிமையைப் பின்னோக்கிக் காட்ட அனுமதி இருந்தது. நமக்கு அது பெரும் அதிர்ஷ்டம். ஆனால் வாதி பிள்ளையில்லாமல் இறந்த பெரியப்பாவை விழுங்கிவிடுவார் என்பதையும், வழக்கு வெல்லப் பொய்யும் சொல்வார் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆண்டுக் கணக்கில் சறுக்குவது சகஜம். ஆவணங்கள் அரசரின் ஆட்சியாண்டைச் சொல்லும். முதலாம் எட்வர்டின் பத்தாம் ஆண்டு என்பது 1281 நவம்பர் 20 முதல் 1282 நவம்பர் 19 வரை. அதோடு 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே பதிவேட்டில் '1610 பிப்ரவரி' என்று இருப்பது நம் கணக்கில் 1611. கல்யாணத்துக்கு முன்பே பிறந்துவிட்ட பல பிள்ளைகளின் மானம் இந்த ஒரு திருத்தத்தில் மீண்டுவிடும்.

எண்பது ஆண்டு இருட்டு

எல்லாம் சரியாக அமைந்து 1166-ஐ எட்டிவிட்டவருக்கு அங்கே ஒரு பெரிய சுவர். அந்த ஆண்டில் இரண்டாம் ஹென்றி ஒவ்வொரு பெருநிலக்காரரிடமும் கணக்குக் கேட்டார்: 1135-க்குள் நிலம் கொடுத்து அமர்த்திய வீரர்கள் யார், அதற்குப் பின் அமர்த்தியவர்கள் யார். பதில்களின் நகல் கருவூலத்தின் சிவப்பு ஏட்டில் இருக்கிறது. பெயர்கள் உண்டு, ஊர்கள் பெரும்பாலும் இல்லை. அதற்கு எண்பது ஆண்டு முன்னால் டூம்ஸ்டே. 1085 கிறிஸ்துமஸில் ஆணையிட்டு மறு ஆண்டு நடத்திய அந்தக் கணக்கில் ஊர்கள் தெளிவாக உண்டு, கீழ்நிலைக் குடித்தனக்காரர் பெயர்கள் பெரும்பாலும் ஒற்றைச் சொல். வாரெனிடமிருந்து நிலம் பெற்றவர்கள் ரால்ஃப், ராபர்ட், ஹ்யூ என்று வருவார்கள். எந்த ரால்ஃப்?

இந்தச் சுவரில் ஏற நிலம்தான் ஏணி. 1086-இல் ஒரு ரால்ஃப் வைத்திருந்த அதே ஊர், அதே மேலதிபதியின் கீழ், 1166-இல் வேறொருவனிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவன் ரால்ஃபின் பேரனாக இருக்கலாம். மகள் வழிப் பேரனாகவும் இருக்கலாம். பழையவனைத் துரத்திவிட்டு நிலத்தை வாங்கிய அந்நியனாகவும் இருக்கலாம். 1135-க்குப் பின் வந்த ஸ்டீபன் அரசர் காலத்து உள்நாட்டுப் போர்க் குழப்பத்தில் அப்படி நிறைய நடந்தது. இதைத் தீர்ப்பது மடங்களின் பட்டயத் தொகுப்புகள். ஒருவர் மடத்துக்கு நிலம் கொடுக்கும்போது மனைவி, மகன்களின் சம்மதத்தைச் சொல்வார், தாய் தந்தையரின் ஆன்மாவுக்கு என்று பெயர் குறிப்பார், சாட்சிகளில் அண்ணன் தம்பி நிற்பார்கள். லூயிஸ் மடத்துக்குப் போன கொடைகளை வைத்துத்தான் வாரெனின் பல குடித்தனக்காரர்களை இனம்காண முடிகிறது. 1185-இல் பன்னிரண்டு கவுண்டிகளில் எடுத்த விதவைகள், அநாதைப் பிள்ளைகள் கணக்கும் உதவும். வயதோடு பெயர் தரும் ஆவணம் அந்தக் காலத்தில் அரிது.

படிகளைத் தாண்டிக் குதிக்க ஆசை வரும் இடமும் இதுவே. டால்ஃபினின் தந்தை உட்ரெட் என்பதுவரை ஆவணம் இருக்கிறது. அந்த உட்ரெட், ஸ்காட்லாந்து அரச குடும்பத்து மால்ட்ரெட் வழி வந்தவர் என்று பல மரங்கள் கூசாமல் எழுதுகின்றன. இருக்கலாம். சொல்லும் பட்டயம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹொரேஸ் ரவுண்ட் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட இணைப்புகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டிப்போட்டார். டென்பி பிரபுக்களான ஃபீல்டிங் குடும்பம் ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் கிளை என்று காட்டிய பழம் பட்டயங்கள் போலி என்று நிறுவியவர் அவர்தான். அதற்குப் பிறகும் தொழில் நிற்கவில்லை. நியூயார்க்கில் குஸ்தாவ் ஆன்ஜூ என்பவர் பணக்கார அமெரிக்கர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். அவர் கைவைத்த மரங்கள் இன்றும் இணையத்தில் பூத்துக் காய்க்கின்றன.

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால்

மரபணுச் சோதனை இந்தச் சுவரைத் தாண்டாது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடமிருந்து அவருடைய உடலில் ஒரு துணுக்குகூட வந்திருக்காது. முப்பது தலைமுறை என்றால் இடங்களின் எண்ணிக்கை 107 கோடியைத் தாண்டும். 1086-இல் இங்கிலாந்தின் மக்கள்தொகை இருபது லட்சம் அளவில்தான். ஒரே ஆள் நூற்றுக்கணக்கான இடங்களில் திரும்பத் திரும்ப வந்தால்தான் கணக்கு ஒத்துவரும். எனவே அன்று வாழ்ந்து சந்ததி விட்டுச்சென்ற நார்மன் பிரபுவும், அவனுடைய குதிரைக்குப் புல் அறுத்த ஆங்கிலேயனும் இன்றைய ஆங்கிலேயரின் மரத்தில் அநேகமாகச் சேர்ந்தே இருப்பார்கள். ஆண்வழி ஒய் குரோமோசோமும் கைகொடுக்காது. நார்மன்களின் மூதாதையர் ஸ்காண்டிநேவியரும் பிரெஞ்சு நிலத்தவரும் கலந்தவர்கள். அதே வகைகள் டேனியரிடமும் உண்டு, அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தவர்களிடமும் உண்டு.

காகிதமும் ரத்தமும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்றாம் ரிச்சர்டைவிட நல்ல சான்று கிடையாது. 2012-இல் லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்தின் அடியில் அவருடைய எலும்புக்கூடு கிடைத்தது. அவருடைய சகோதரி ஆனின் பெண்வழி வந்தவர்களின் மரபணு அதோடு பொருந்தியது. ஆண்வழிக்கு, ரிச்சர்டைப் போலவே மூன்றாம் எட்வர்டின் வழிவந்த போஃபோர்ட் கோமகன் குடும்பத்து ஆண்கள் ஐந்து பேரைச் சோதித்தார்கள். ஒருவரும் எலும்போடு பொருந்தவில்லை. ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை. ஐரோப்பாவிலேயே மிகச் சிறப்பாக ஆவணப்படுத்திய வழிகளில் ஒன்றில், குறைந்தது இரண்டு இடங்களில் எழுதிய தந்தை வேறு, பெற்ற தந்தை வேறு. பட்டயம் சட்டப்படியான தந்தையைத்தான் காட்டும். அரியணைக்கும் நிலத்துக்கும் அது போதுமானதாக இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம்

இத்தனையும் தாண்டி இங்கிலாந்துப் பக்கத்தை 1086 வரை கட்டிவிட்டவர், அடுத்து நார்மண்டியில் அந்த ஊரைத் தேடுவார். 1204-இல் ஜான் அரசர் நார்மண்டியை இழந்தபோது இரு கரையிலும் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்தவர்கள் உண்டு. ஆகவே அந்த ஆண்டுக்கு முந்தைய நார்மன் மடங்களின் பட்டயங்களில்தான் இரு பக்கமும் சேர்ந்து தெரியும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால், பெயர் ஒத்துப்போவது மட்டும் போதாது. இங்கிலாந்தில் யாரிடமிருந்து நிலம் பெற்றார்களோ, நார்மண்டியிலும் அதே அதிபதியின் பக்கத்து ஊராக அது இருக்க வேண்டும். வேலை செய்யும் சோதனை இதுதான்.

புரூஸ்களின் பிரிக்ஸ், மௌப்ரேக்களின் மோம்பிரே, போஹன்களின் சென் ஜார்ஜ் த போஹோன் எல்லாம் இன்றைய மான்ஷ் மாவட்டத்தில் இருக்கின்றன. அந்த மாவட்டத்தின் ஆவணக் காப்பகம் சென் லோ நகரில் இருந்தது. 1944 ஜூன் 6 அன்று நேச நாடுகளின் குண்டுவீச்சில் அது எரிந்துபோனது. ஆகவே இந்தக் குடும்பங்களைத் தேடுபவருக்கு மூலப் பட்டயங்கள் பெரும்பாலும் கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கையால் எடுத்துவைத்த பிரதிகளும், அதே ஹொரேஸ் ரவுண்ட் 1899-இல் பிரான்ஸ் ஆவணங்களிலிருந்து எடுத்து வெளியிட்ட சுருக்கத் தொகுப்பும்தான் கைக்கெட்டும். ரவுண்ட் சாட்சிப் பட்டியலைச் சில இடங்களில் குறைத்திருக்கிறார், ஊர்களை இனம்காண்பதில் சில இடங்களில் தவறியும் இருக்கிறார். அவருடைய தொகுப்பு எண்ணைக் குறிப்பதோடு, அவர் எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.